மூத்தவள் பெயரை மொட்டையாக எழுதிய நாள்

வலேஹோ
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் லவெல்லாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் மாதா புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நடுக்கடலில் இருக்கும் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத்தலையோடு படுக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். கப்பலில் இன்டர்நெட்டை நிறுத்திவிட்டார்கள், இனிமேல் தபால்தான் என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்து அப்பா சிரித்தார், எல்லாம் சுற்றிச் சுற்றி எங்கள் காலத்துக்கே வருகிறதாம். அவருக்கு முழங்கால் பரவாயில்லை, வாயும் நன்றாக வேலை செய்கிறது. குளிர் வருகிறதென்று முருங்கைக்கு என் பழைய போர்வையைச் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருக்கிறார், இத்தனை வருடத்தில் எனக்கு அப்படிப் போர்த்திவிட்டதாக ஞாபகமில்லை. பாகல் கடைசிக் காய்ப்பு காய்த்து ஓய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரி சலவைப் பகுதியில் எனக்கு மறுபடியும் நின்றுகொண்டே செய்கிற வேலையைத்தான் கொடுத்திருக்கிறார்கள், கணுக்கால் வீங்குகிறது, கவலைப்படாதே, சாயங்காலம் உப்புத் தண்ணீரில் வைத்தால் இறங்கிவிடுகிறது.

உன் கடிதத்தில் கடைசியாக ஒன்று எழுதியிருந்தாயே, "அந்தக் கோர்ட்டு விஷயத்தை விட்டுடும்மா, போனா போகுது, ஞானத்தாய் நல்லவங்கதானே, அதான் நான் சம்பாதிக்கிறேனே" என்று, அதைப் படித்துவிட்டு உன்மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தேன். அப்பாவிடம் பேசவில்லை, மகள் செய்ததற்கு அவரைத்தானே பிடிக்க முடியும். இப்போது கோபம் இல்லை. அதற்குள் இங்கே நிறைய நடந்துவிட்டது, ஒன்றுவிடாமல் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

முதலில் துக்கச் செய்தி. உன் ஞானத்தாய் மனாங் தர்சிலாவின் வீட்டுக்காரர், நான் அண்ணன் ஸ்தானத்தில் மனோங் என்று கூப்பிட்ட காஸ்பார், தவறிவிட்டார். தூக்கத்திலேயே போய்விட்டார், நல்ல சாவு. உன் ஞானஸ்நானத்தன்று உன்னைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்க நின்றவர், நீ அவர் புதுச் சட்டையை நனைத்துவிட்டாய், அப்படியும் கீழே விடவில்லை. அவருக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல், அவர் நமக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

செய்தது மனாங்தான், மூத்த அக்கா என்று நான் வாய் நிறைய மனாங் போட்டுக் கூப்பிட்டவர்தான். நீ அப்போது சின்னவள், அரைகுறையாகத்தான் தெரியும், நல்லவங்க என்று எழுதுகிறாய், அதனால் சொல்கிறேன். மனாங்கின் முதியோர் இல்லத்தில் ஆறு கட்டில். நான் நான்கு வருடம் அங்கேயே தங்கி வேலை செய்தேன், வாரத்துக்கு ஆறு நாள், நடைபாதையில் மடக்குக் கட்டில் போட்டுப் படுப்பேன், ஒருவரைப் புரட்டிப் போட்டுவிட்டு வந்து படுத்தால் அடுத்தவர் மணியடிப்பார். சம்பளம் மட்டும் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு. ஒருதடவை கேட்டேன். "நாம ஒரே குடும்பம்டி ஃபெலி, குடும்பத்துக்குள்ள யாராவது மணி பார்ப்பாங்களா" என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு கைப்பை வாங்கிக் கொடுத்தார். அந்தக் கைப்பையை எடுத்துக்கொண்டுதான் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். அவர்கள் கூப்பிட்டு விசாரித்து, இரண்டு பக்கமும் கேட்டு, எனக்குத் தரவேண்டியது நாற்பத்தோராயிரம் டாலர் என்று சொல்லி, கோர்ட்டிலும் தீர்ப்பாகப் பதிந்தார்கள். உடனே மனாங் இல்லத்தைத் தங்கை பெயருக்கு மாற்றிவிட்டார். வங்கிக் கணக்கைப் பிடிக்கப் போனால் உள்ளே முந்நூறு டாலர் இருந்தது. கைக்கு எட்டியது அவ்வளவுதான். ஒன்று மட்டும் தப்பவில்லை, அவர் குடியிருக்கிற வீடு. அதன்மேல் என் தீர்ப்பு ஏறி உட்கார்ந்திருக்கிறது, வீட்டை விற்றால் எனக்குக் கொடுத்துவிட்டுத்தான் மீதியை அவர்கள் எடுக்க முடியும்.

அதைவிட எனக்கு வலித்தது வேறு. ஞானத்தாய் ஆனவளைக் கோர்ட்டுக்கு இழுத்தவள் என்று பேர் வாங்கிவிட்டேன். கோவிலில் சமாதானம் சொல்லும்போது என் பக்கம் கை நீட்டாதவர்கள் உண்டு. கோவிலில் எனக்குப் பக்கத்து வரிசையில் உட்காரும் பிபியானா என்னைப் பார்த்தால் நடைபாதையை மாற்றிக்கொண்டு போவாள், நீயும் பார்த்திருப்பாய். எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு, மனாங் எத்தனை பேருக்கு இடம் கொடுத்தார், எத்தனை பேருக்கு உதவினார், இவளுக்கு வெட்கம் இல்லை என்று. எனக்கு வெட்கம் நிறைய இருந்தது, அதனால்தான் நான்கு வருடத்தில் ஒருதடவைக்கு மேல் கேட்காமல் இருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தீர்ப்புக்குப் பத்து வருடம்தான் உயிர். அதற்குள் விண்ணப்பம் போட்டுப் புதுப்பித்தால் இன்னொரு பத்து வருடம் இருக்கும், வட்டியும் சேர்ந்துகொள்ளும். ஒரு நாள் தவறினாலும் அது வெறும் காகிதம், வீட்டின்மேல் இருக்கும் பிடியும் போய்விடும். அந்தக் கெடு இந்த மாதக் கடைசி. அடுத்த வாரம் போகலாம் என்று நானும் அப்பாவும் பேசி வைத்திருந்த நேரத்தில்தான் மனோங் காஸ்பார் இறந்தார், மறுநாள் காலையில் மனாங்கின் மகன் ரோடெல் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். பத்து வருடத்தில் அந்த வீட்டிலிருந்து யாரும் நம் படி ஏறியதில்லை. "ஆன்ட்டி, அப்பாவுக்கு ஒன்பது நாள் செபம் நீங்கதான் சொல்லணும்னு அம்மா ஆசைப்படுறாங்க. நம்ம ஊர்ப் பாட்டெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்" என்றான். அப்பா உள்ளேயிருந்து இருமினார், அவர் இருமினால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். ஆனால் செத்தவருக்குச் செபம் கேட்டால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது. போனேன். அப்பாவும் இருமிக்கொண்டே கூட வந்தார்.

முதல் நாள் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தேன், அடக்கம் செபமெல்லாம் முடிந்த பிறகுதான் என்று உடலை வெளியே அடக்கக்காரர்களிடம் விட்டிருந்தார்கள். மனோங் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி, பக்கத்தில் அவருக்கென்று தட்டில் சோறு, முட்டை, ஒரு சிகரெட். டாக்டர் தடுத்ததிலிருந்து ஒன்றுகூடக் கண்ணில் காட்டாத மனாங், இப்போது பாக்கெட்டையே பக்கத்தில் வைத்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். செபமாலை முடிந்து எல்லோரும் நூடுல்ஸுக்கு வரிசையில் நிற்கும்போது ரோடெல் என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டான். "ஆன்ட்டி, அந்தப் பழைய பேச்சு நாப்பதாம் நாள் வரைக்கும் வேண்டாமே. அப்பா ஆத்துமா இன்னும் இந்த வீட்டுக்குள்ளதான் இருக்கு, காசு பணம்னு காதுல விழக்கூடாது. நாப்பது முடியட்டும், நானே உங்களைக் கூப்பிட்டு உக்காரவச்சு முடிச்சுத் தர்றேன்" என்றான். நம் வழக்கமும் அதுதானே, ஆத்துமா வீட்டை விட்டுப் போகிற வரைக்கும் கடன் பேச்சு, சண்டை, பெருக்குமாறு எதுவும் கூடாது. நான் சரியென்று தலையாட்டிவிட்டேன். கூலி கிடைக்காதவள் போய்க் காணிக்கைக் கவரையும் கொடுத்துவிட்டு வந்தேன், ஐம்பது டாலர், அப்பா இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

சாவு வீட்டிலிருந்து நேரே நம் வீட்டுக்கு வரக்கூடாது, ஆவி பின்னாலேயே வந்துவிடும் என்று வேறெங்காவது நின்றுவிட்டு வருவோமே, அதற்கு நாங்கள் பெட்ரோல் பங்க் பக்கத்து டோனட் கடைக்குப் போனோம். கடைக்காரி கம்போடியப் பெண், காரணத்தைச் சொன்னதும், எங்கள் ஊரிலும் ஆவிக்குப் பயம்தான், ஆனால் இனிப்பு என்றால் அதுவும் உள்ளே வந்துவிடுமே என்றாள். அங்கே உட்கார்ந்துதான் அப்பாவிடம் தலையாட்டியதைச் சொன்னேன். அவர் சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்து விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். நாற்பதாம் நாள் கெடு தாண்டி அடுத்த மாதத்தில் போய் விழுந்தது. "அவன் வீடு விக்கிற புரோக்கர்டி. எந்தத் தேதியில எது செத்துப்போகும்னு அவனுக்குத் தெரியாதா? அவங்கப்பன் ஆத்துமாவை வச்சே உன் காகிதத்துக்குக் குழி தோண்டிட்டான் பார்" என்று அவர் போட்ட சத்தத்தில் கடைக்காரி எட்டிப் பார்த்தாள். ரோடெல் வேண்டுமென்று செய்தானா, உண்மையிலேயே அப்பனுக்காகச் சொன்னானா, எனக்குத் தெரியாது, சத்தியம் பண்ணமாட்டேன். அவன் கண் அன்று அழுது சிவந்திருந்தது, அதையும் பார்த்தேன். ஆனால் வீட்டை விற்றுவிட்டு அம்மாவைத் தன்னோடு ரீனோவுக்குக் கூட்டிப்போகப் போகிறான் என்பது மட்டும் அதற்குள் ஊருக்கே தெரியும்.

என் நிலைமையைப் பார் மகளே. தலையாட்டியதைக் காப்பாற்றினால் நான்கு வருட உழைப்பு போகிறது. அதை மீறினால் சாவு வீட்டில் கொடுத்த வாக்கு போகிறது, ஊர் பேசுவதெல்லாம் உண்மையாகிவிடுகிறது. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் மனோங்கின் படத்தைப் பார்த்துக்கொண்டு எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று சொல்லும்போது, எனக்காகவும் கொஞ்சம் வேண்டிக்கொள்ளுங்கள் மனோங், உங்களுக்குத் தெரியாததா என்று மனதுக்குள் சேர்த்துக்கொண்டேன். விண்ணப்பத் தாளை அப்பா சட்ட உதவி மையத்தில் வாங்கி வந்து வண்டியிலேயே வைத்திருந்தார், டோனட் கடையில் தினமும் எடுத்து மேசைமேல் வைப்பார், நான் தினமும் அவர் பக்கமே திருப்பித் தள்ளுவேன்.

ஒன்பதாம் நாள்தான் எல்லாம் புரண்டது. செபம் முடிந்ததும் ரோடெல் எழுந்து நின்று வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை பேசினான், கடைசியில் என் பக்கம் கை காட்டி, "ஃபெலி ஆன்ட்டி பழசையெல்லாம் மறந்து, மன்னிச்சு, ஒம்போது நாளும் வந்து எங்கப்பாவை வழியனுப்பி வச்சிருக்காங்க. ரெண்டு குடும்பத்துக்கும் நடுவுல இனிமே ஒண்ணும் பாக்கியில்ல" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். சாவு வீட்டில் கைதட்டல் கேட்டது அன்றுதான். பிபியானா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "எனக்கு அப்பவே தெரியும் ஃபெலி, உன் மனசு தங்கம்னு" என்று கன்னத்தில் முத்தமே கொடுத்துவிட்டாள். உன்னிடம் மறைக்க மாட்டேன், அந்த ஒரு நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது. பத்து வருடத்துக்கு அப்புறம் நாலு பேர் என்னைத் தொட்டுப் பேசுகிறார்கள். இப்படியே இருந்துவிடலாமா, லவெல்லாவும் அதைத்தானே எழுதியிருக்கிறாள் என்றுகூட நினைத்தேன். திரும்பி மனாங்கைப் பார்த்தேன், அவர் கைதட்டவில்லை, செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டோனட் கடையில் அப்பா இருமவும் இல்லை, தாளை எடுக்கவும் இல்லை, பாவம், நான் மனசு மாறிவிட்டேன் என்று பயந்துவிட்டார். நான்தான் கேட்டு வாங்கினேன். ஏன் என்று சொல்கிறேன் கேள். அந்த நான்கு வருடத்தில் நீ ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்பதாவது வரைக்கும் வந்தாய். நாற்காலி போட்டு ஏறி அரிசி வைத்தாய், அப்பா இரவு பஸ் ஓட்டப் போனதும் கதவைப் பூட்டிக்கொண்டு எனக்குப் போன் பண்ணி, அம்மா பூட்டிட்டேன் என்று சொல்லிவிட்டுப் படுப்பாய். யாரோ ஒருவருடைய அப்பாவைத் துடைத்துக்கொண்டே அதைக் கேட்பேன். மன்னிப்பதாக இருந்தால் என் தூக்கத்தை நான் மன்னிக்கலாம், உன்னுடைய அந்த வருடங்களை ரோடெல் எழுந்து நின்று மன்னித்துவிட்டான், அதற்கு நான் கைதட்டல் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். அழுகை வந்துவிட்டது. அங்கேயே தாளை நிரப்பினேன், மேலெல்லாம் சர்க்கரை.

மறுநாள் காலையில் முதல் ஆளாகக் கோர்ட்டு ஜன்னலுக்குப் போனோம். அங்கே இருந்த பெண் சர்க்கரையைத் தட்டிவிட்டுப் படித்தாள், நின்றாள், கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, கடன்பட்டவர் பெயர் மனாங் தர்சிலா ரக்சாக் என்று போட்டிருக்கிறீர்களே, தீர்ப்பில் தர்சிலா ரக்சாக் என்றுதான் இருக்கிறது, இந்த முதல் பெயர் எங்கேயிருந்து வந்தது, இது வேறு ஆளா என்று கேட்டாள். அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டார். அது பெயர் இல்லை அம்மா, அக்கா என்கிற மாதிரி, வயதில் மூத்தவர், அதனால் எழுதிவிட்டேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை, நல்ல பெண், ஆனால் இப்படிக் கொடுத்தால் எடுக்க முடியாது, தீர்ப்பில் எப்படியோ அப்படியே இருக்கவேண்டும், புதுத் தாள் தருகிறேன், ஓரமாக நின்று எழுதிக் கொண்டுவாருங்கள் என்றாள். பக்கத்து மேசையில் நின்று எழுதினேன். மற்றதெல்லாம் எழுதியாகிவிட்டது, அந்த இடம் வந்ததும் கை ஓடவில்லை. என்னைவிட பதினான்கு வயது மூத்தவர், என் பிள்ளையின் ஞானத்தாய், வீட்டில் சாவு வேறு. முதல் தடவை இதையெல்லாம் வக்கீலம்மா எழுதினாள், நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன். அப்பா குனிந்து, "நான் எழுதட்டுமா" என்று மெல்லக் கேட்டார். வேண்டாம், என் கூலி, நான்தான் எழுதவேண்டும் என்றேன். தர்சிலா ரக்சாக். மொட்டையாக எழுதினேன். தெருவில் நின்று அவரைப் பேர் சொல்லி ஏசியது மாதிரி காதெல்லாம் சுட்டது.

முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு பத்திரம் பதிகிற அலுவலகத்துக்குப் போய் வீட்டின் மேலும் ஏற்றிவிட்டோம். வட்டியோடு சேர்த்துத் தொகை இரட்டிப்பாகியிருக்கிறது, எண்ணைப் பார்த்து அப்பா விசிலடித்தார், காவலாளி முறைத்தான். இனி ஒன்றுதான் பாக்கி, புதுப்பித்த அறிவிப்பு மனாங்குக்குத் தபாலில் போகவேண்டும், அதையும் வழக்கில் சேராத ஆள்தான் போடவேண்டுமாம். அப்பா இதுவரை எந்த வழக்கிலும் இல்லாத மனிதர் என்பதால் அந்த மரியாதை அவருக்கு. உடனே பெட்டியில் போடப் போனவரை நிறுத்தினேன். அடக்கம் முடியட்டும், நான் முதலில் முகத்துக்கு நேரே சொல்கிறேன், தபால்காரன் சொல்லி அவர் தெரிந்துகொள்ளக்கூடாது என்றேன். "உனக்கு மரியாதை ஜாஸ்தி, அதான் ஊரே உன் தலையில மிளகா அரைக்குது" என்று திட்டிக்கொண்டே கவரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

அடக்கம் வெள்ளிக்கிழமை. கல்லறையிலிருந்து வந்ததும் நம் வழக்கப்படி விதவைக்குத் தலைக்கு ஊற்ற வேண்டுமல்லவா, வைக்கோல் எரித்த சாம்பலும் கரும்புக் கள்ளும் கலந்த தண்ணீரில். வலேஹோவில் வைக்கோலுக்கு எங்கே போவது, ரோடெல் செல்லப்பிராணிக் கடையில் முயலுக்குப் போடுகிற கட்டு ஒன்று வாங்கி வந்திருந்தான், கரும்புக் கள்ளுக்குப் பதில் மலிவான சிவப்பு ஒயின். செபம் சொன்னவள்தான் ஊற்றவேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். கராஜில் துணி துவைக்கிற தொட்டிக்கு முன்னால் மனாங் ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்தார், நானும் அவரும் மட்டும். தலைமுடி எவ்வளவு கொட்டிப்போய்விட்டது தெரியுமா, கையில் ஒன்றுமே இல்லை. முதல் குவளை ஊற்றிவிட்டுச் சொல்லிவிட்டேன். "மனாங், கோர்ட்டுல அந்தத் தீர்ப்பைப் புதுப்பிச்சுட்டேன். நாப்பது நாள் பேசமாட்டேன்னு ரோடெல்கிட்ட தலையாட்டினேன், அதை மீறிட்டேன். தபால் வரும். உங்ககிட்ட நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றேன். அவர் கழுத்து வழியாகச் சாம்பல் தண்ணீர் ஓடியது. "கண்ணுல விழுது, பார்த்து ஊத்துடி" என்றார். பார்த்து ஊற்றினேன். "எவ்வளவு ஆயிருக்கு?" என்றார், சொன்னேன். "வட்டி வேற போட்டியா?" என்றார். "நான் போடல மனாங், சட்டம் போட்டது" என்றேன். "சட்டத்துக்கென்ன, அதுக்குக் கட்டில் காலியாக் கிடந்துச்சா? அப்ப எனக்கு ஆறுல மூணு கட்டில் காலிடி, எங்கேயிருந்து எடுத்துக் குடுப்பேன்" என்று குனிந்தபடியே சண்டைக்கு வந்தார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. "மூணு கட்டில் காலியா இருந்திருந்தா நான் அதுல ஒண்ணுல தூங்கியிருப்பேனே மனாங், ஏன் நடைபாதையில படுத்தேன்?" என்று கேட்டேன். அவர் தோள் குலுங்கியது, அழுகிறார் என்று நினைத்துக் குவளையைக் கீழே வைத்தேன், பார்த்தால் சிரிக்கிறார், அப்புறம் இரண்டும் சேர்ந்து வந்தது. துண்டால் தலையைத் துவட்டிவிட்டேன். துவட்டும்போது என் கையைப் பிடித்து நிறுத்தி, "காஸ்பாருக்குச் செபம் சொன்னியே, அது மனசாரத்தானா?" என்று கேட்டார். "மனசாரத்தான் மனாங், ஒம்போது நாளும்" என்றேன். கையை விட்டார்.

முன்னறையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் போய் நின்றேன். பிபியானா யாரிடமோ, இந்தக் காலத்தில் ஃபெலி மாதிரி மன்னிக்க யாருக்கு மனசு வரும் என்று ஆரம்பித்தாள். மனாங் ஈரத்தலையோடு கராஜ் வாசலில் நின்றிருந்தார், துண்டு தோளில். "யாரு மன்னிச்சது?" என்றார். "அவ ஒண்ணும் மன்னிக்கல. மன்னிக்கவும் வேண்டாம். நாலு வருஷம் என் வீட்டுல ராத்திரி பகல் பாக்காம ஒழைச்சா, நான் கூலி குடுக்கல. கேட்டதுக்கு கைப்பை வாங்கிக் குடுத்தேன். ரோடெல், வீடு விக்கிற அன்னைக்கு முதல்ல ஃபெலியோட கூலி, அப்புறம்தான் உனக்கும் எனக்கும். காதுல விழுந்துச்சா?" ரோடெல் முகம் வெளுத்து, "அம்மா, நாப்பது நாள் கழிச்சு பேசிக்கலாமே" என்றான். "உங்கப்பாவுக்குக் கேக்கட்டும்னுதான்டா இப்பவே சொல்றேன்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஆனா வட்டியைச் சிரிச்சுக்கிட்டே குடுப்பேன்னு மட்டும் எதிர்பார்க்காத" என்றார். அப்பாதான் முதலில் சிரித்தார், அப்புறம் எல்லோரும்.

நான் சிரிக்கவில்லை மகளே, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை பேருக்கு முன்னால் அழுதேன். பத்து வருடமாக எல்லோரும் அதை உதவி என்றார்கள், குடும்பம் என்றார்கள், நன்றி கெட்டதனம் என்றார்கள். கூலி என்று அந்த வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதைக் கேட்கத்தான் நான் இத்தனை வருடம் அந்தக் காகிதத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் புரிந்தது. வண்டியில் ஏறியதும் அப்பா சட்டைக்குள்ளிருந்து கவரை எடுத்து, "அதான் அவங்க வாயாலயே சொல்லிட்டாங்களே, இது இனிமே வேணாம்னு சொல்லுவியோ?" என்று பயந்துகொண்டே கேட்டார். மனாங் சொன்னது மனாங்குக்கு அழகு, தபால் பெட்டிப் பக்கம் வண்டியை நிறுத்துங்கள் என்றேன். அவரே இறங்கிப் போட்டார், போட்டுவிட்டு உள்ளே விழுந்ததா என்று மூடியைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார், உன் அப்பாதானே.

ஆகவே நீ போனால் போகிறது என்று எழுதினாயே, போகவில்லை. அவர்கள் மறுத்துப் பேச இன்னும் இரண்டு மாதம் சட்டத்தில் இடம் இருக்கிறது, ரோடெல் என்ன செய்வான் என்று தெரியாது, ஆனாலும் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. வீடு விற்கும் அன்று காசு வந்தால் அன்றே சலவை வேலைக்கு முழுக்கு, அப்பாவின் முழங்காலைக் கவனிப்பேன், நீ விடுமுறைக்கு வரும்போது முழு மாதமும் வீட்டில் இருப்பேன், கதவை நான் பூட்டுகிறேன், நீ தூங்கு. இழுத்தடித்தால் தீர்ப்புக்கு இன்னும் பத்து வருடம் உயிர் இருக்கிறது, நானும் இருப்பேன், நீ பயப்படாதே.

உன் ஞானத்தாய்க்கு ஆறுதலாக நான்கு வரி எழுது, கட்டாயம் எழுது, காசு விஷயத்தை அதில் சேர்க்காதே, அது என் வேலை. கப்பலில் உன் நேரத்துக்கு மேல் நிற்கச் சொன்னால் நில், ஆனால் யாராவது நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று சொன்னால் அம்மாவை நினைத்துக்கொள். கடற்காற்றில் காதைக் கட்டிக்கொள். சேசுவும் மாதாவும் உன்னைக் கரை சேரும்வரை கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், உன் கப்பலில் இருக்கும் எல்லாத் தாய்மார்களின் பிள்ளைகளையும் சேர்த்தே.

முத்தங்களுடன்,
உன் அம்மா ஃபெலிசிதாஸ்
(அப்பா முருங்கைக்கு இன்னொரு போர்வை தேடிக்கொண்டிருக்கிறார், அவருடைய ஆசீரையும் நானே சேர்த்துப் போட்டுவிட்டேன்.)